பாதிப் பாட்டு: ஒரு டெக்னோ இசைத்தட்டைப் புரிந்துகொள்ள

வளர்ந்துவரும் டிஜே ஒருவர், டெக்னோ என்ற மின்னணு நடன இசையில் புதிதாக ஒரு வினைல், அதாவது பிளாஸ்டிக் இசைத்தட்டு, வெளியிட்டிருக்கிறார் என்று செய்தி வருகிறது. 12 அங்குலத் தட்டு, நான்கு டிராக், அதில் ஒன்று இன்னொருவர் செய்த ரீமிக்ஸ், மொத்தமே 300 பிரதி. இப்படி ஒரு செய்தி வந்தால் வழக்கமாக மூன்று விதமான பேச்சு எழும். "வினைலில் கேட்டால் ஒலியின் தரமே தனி" என்பார் ஒருவர். "பழைய ஞாபகத்துக்காக இன்னும் தட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்பார் இன்னொருவர். "ஆறு நிமிஷமும் ஒரே டம் டம் தானே, இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய தட்டு?" என்று கேட்பார் மூன்றாமவர்.

முதல் இரண்டு பேரும் சொல்வதில் பிழை அதிகம். மூன்றாமவர் கேட்பதுதான் சரியான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் தேடினால், டெக்னோ ஏன் அப்படி ஒலிக்கிறது, டிஜே அங்கே நின்றுகொண்டு என்னதான் செய்கிறார், தட்டில் எழுதியிருக்கும் எண்களுக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டுவிடும்.

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக்னோ தட்டில் இருப்பது பாதிப் பாட்டு. மீதிப் பாதி, அதை வாங்கிப் போகும் இன்னொரு டிஜேயின் கையில் முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், எது டெக்னோ?

மின்னணுக் கருவியில் செய்த துள்ளலான எந்த இசையையும் டெக்னோ என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. உண்மையில் அது ஓர் ஊரில், சிலர் கையில் பிறந்த இசை. ஊர், அமெரிக்காவின் டெட்ராய்ட். காலம், 1980-களின் நடுப்பகுதி. கார் தொழிற்சாலைகளால் வளர்ந்து, அவை சுருங்கியதால் வாடிய நகரம் அது. அதை அடுத்துள்ள பெல்வில்லில் ஒன்றாகப் படித்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்களிடமிருந்துதான் இந்த இசை கிளம்பியது. 1985-இல் அட்கின்ஸ், மெட்ரோபிளெக்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கி, மாடல் 500 என்ற பெயரில் தட்டு வெளியிட்டார். லேபிள் என்றால் இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம். டெக்னோ உலகில் அது பெரும்பாலும் ஒருவரோ இருவரோ வீட்டிலிருந்தே நடத்துவது.

1988-இல் பிரிட்டனில் வெளிவந்த டெட்ராய்ட் இசைத் தொகுப்பு ஒன்று 'டெக்னோ' என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. பெயர் நிலைத்துவிட்டது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1991-இல் அந்த நகரத்தில் திறந்த டிரெசர் கிளப்புக்கு டெட்ராய்ட் கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். இரண்டு நகரங்களுக்கும் இடையே அப்போது விழுந்த முடிச்சு இன்றும் இறுக்கமாகவே இருக்கிறது. 2024-இல் ஜெர்மனி, பெர்லினின் டெக்னோ பண்பாட்டைத் தன் நாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்த இசையின் முதுகெலும்பு கிக். டிரம் செட்டில் காலால் மிதித்து அடிப்பார்களே, அந்தப் பெரிய டிரம்மின் 'டம்' ஓசைதான் கிக். டெக்னோவில் அதை டிரம் மெஷின் என்ற கருவி எழுப்பும். தாளத்தின் ஒவ்வோர் அடியிலும் தவறாமல் விழும். நான்கு அடி சேர்ந்தால் ஒரு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்குக்கு பிபிஎம் என்று பெயர். டெக்னோ பொதுவாக 125-க்கும் 150-க்கும் இடையில் ஓடும். பாடகர் பெரும்பாலும் இருக்க மாட்டார். அதனால் பாட்டு என்று சொல்லாமல் டிராக் என்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983-இல் டி.ஆர்-909 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தது. உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று வாங்குபவர்கள் ஒதுக்கினார்கள். சில காலத்திலேயே தயாரிப்பும் நின்றது. கைமாறி மலிவாகக் கிடைத்த அந்தக் கருவிதான் கையில் காசு இல்லாத இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்று டெக்னோ என்றதும் காதில் விழும் கிக்கும், 'ட்ஸ் ட்ஸ்' என்று ஜால்ரா போல ஒலிக்கும் ஹை-ஹேட்டும் பெரும்பாலும் அதன் குரலோ, அதன் நகலோதான்.

புரொடியூசர் வேறு, தயாரிப்பாளர் வேறு

தமிழில் படிக்கும் நமக்கு இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. தயாரிப்பாளர் என்றதும் பணம் போடுபவர் நினைவுக்கு வருகிறார். மின்னணு இசையில் புரொடியூசர் என்றால் இசையை அமைப்பவர். டிரம் மெஷின், மின்னணு முறையில் ஓசை எழுப்பும் சின்தசைசர், கணினி ஆகியவற்றின் முன் உட்கார்ந்து, ஒவ்வோர் ஓசையையும் உருவாக்கி, அடுக்கி, ஒரு டிராக்காக முடிப்பவர். இசையமைப்பாளர், வாத்தியக்காரர், ஒலிப்பதிவாளர் மூவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

டிஜே செய்வது வேறு வேலை. பலர் செய்த டிராக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடு ஒன்றை இணைத்து, இரண்டு மணி நேரமோ ஆறு மணி நேரமோ அறுபடாத ஒரே ஓட்டமாக ஆக்குபவர் டிஜே. அந்த ஓட்டத்துக்கு செட் என்று பெயர்.

டெக்னோவில் இரண்டு வேலையையும் ஒருவரே செய்வது சகஜம். இரவில் தட்டுகளை வாசித்து வாசித்து, எந்த இடத்தில் கூட்டம் அசைகிறது, எந்த இடத்தில் சோர்கிறது என்று கண்டவர்தான் பகலில் உட்கார்ந்து அதற்கேற்ற டிராக் செய்கிறார். தையல் தெரிந்தவர் துணி நெய்வது போல. எங்கே கத்தரி விழும், எங்கே மடிப்பு வரும் என்று நெய்யும்போதே அவருக்குத் தெரியும்.

இரண்டு பேர் சேர்ந்து நடப்பது

இனி டிஜேயின் கை வேலைக்கு வருவோம். இரண்டு நண்பர்கள் தோளில் கை போட்டு நடக்கிறார்கள். ஒருவர் கொஞ்சம் வேகம், இன்னொருவர் கொஞ்சம் மெதுவு. நாலு எட்டில் தோள் இடித்துக்கொள்ளும். சேர்ந்து நடக்க இரண்டு விஷயம் வேண்டும்: நடை வேகம் ஒன்றாக இருக்க வேண்டும், வலது காலும் வலது காலும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். வேகம் ஒன்றாக இருந்தும் இவர் வலது கால் வைக்கும்போது அவர் இடது காலைத் தூக்கினால் உதவாது.

ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டை அதனோடு சேர்ந்து நடக்க வைப்பதற்கு பீட்மேட்சிங் என்று பெயர். டிஜேயிடம் இரண்டு டர்ன்டேபிள், அதாவது தட்டைச் சுழற்றும் கருவிகள், இருக்கும். நடுவில் மிக்சர்: எந்தத் தட்டின் ஓசை எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பெட்டி. அடுத்த தட்டை ஹெட்போனில் மட்டும் கேட்டு, வேகத்தைச் சரிசெய்து, கிக்கும் கிக்கும் ஒன்றாக விழும்படி விட்டு, பிறகு மெல்ல வெளியே திறப்பார்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று ஒரு கணக்கு பாருங்கள். ஒரு தட்டு 130 பிபிஎம், இன்னொன்று 131. ஒரே ஒரு அடிதான் வித்தியாசம். ஆனால் அரை நிமிடத்தில் அது அரை அடியாகச் சேர்ந்து, ஒன்றின் கிக் மற்றதன் இரண்டு கிக்குகளுக்கு நட்டநடுவில் போய் விழும். டம் டம் என்று நடந்தது டம-டம டம-டம என்று தடுக்கும். ஆடிக்கொண்டிருப்பவர் கால் பின்னிவிடும்.

இந்தத் துல்லியத்தைக் கொடுத்த கருவி டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200. முதல் மாதிரி 1972-இல் வந்தது. டிஜேக்கள் கொண்டாடிய எம்.கே.2 மாதிரி 1979-இல் வந்தது. இதில் பெல்ட் கிடையாது. மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றும். அதனால் விரலால் பிடித்து நிறுத்தி விட்டாலும் சட்டென்று பழைய வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு நீளமான நகர்த்தி இருக்கும். அதை மேலும் கீழும் தள்ளினால் வேகம் 8 சதவீதம் வரை கூடும், குறையும். 130 பிபிஎம் தட்டை ஏறத்தாழ 120 முதல் 140 வரை கொண்டுபோகலாம். வேகம் ஏறினால் சுருதியும் சேர்ந்தே ஏறும்; தட்டின் இயல்பு அது.

இப்போது டெக்னோ டிராக்கின் அமைப்பைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ வெறும் கிக்கும் ஹை-ஹேட்டும். பிறகு ஒன்றொன்றாக ஓசைகள் வந்து சேரும். கடைசி ஒரு நிமிடத்தில் ஒன்றொன்றாகக் கழன்று மறுபடி வெறும் கிக். வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த முதல் நிமிடம் வீண் போலத் தோன்றும். டிஜேக்கோ அதுதான் கைப்பிடி. ரயில் பெட்டியின் இரண்டு முனையிலும் கொக்கி இருக்கிறதே, அதைப் போல. கொக்கி இல்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டியில் சேராது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: புரொடியூசர் பெட்டியைச் செய்கிறார், டிஜே பெட்டிகளைக் கோத்து வண்டியை ஓட்டுகிறார். டிராக்கின் நீளமும் திரும்பத் திரும்ப வரும் தன்மையும் அப்படிக் கோப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள்.

பள்ளத்துக்குள் ஓசை எப்படி உட்காருகிறது

தட்டுக்கு வருவோம். வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் கண்ணுக்கு நூற்றுக்கணக்கான வட்டங்கள் தெரியும். அவை வட்டங்கள் இல்லை. வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே சுருண்டு போகும் ஒரே ஒரு நீண்ட பள்ளம். அகலம் தலைமுடி அளவுதான். ஊசி அதில் இறங்கி ஓடும்போது பள்ளத்தின் வளைவு நெளிவுகள் அதை ஆட்டுகின்றன. அந்த ஆட்டம் மின்சாரமாக மாறி, பெருக்கப்பட்டு, ஸ்பீக்கரை அதே போல ஆட்டுகிறது. அவ்வளவே.

மலைப்பாதையில் வண்டி போவதை நினைத்துக்கொள்ளுங்கள். 'ட்ஸ்' என்ற கூர்மையான ஓசை, பாதையில் நெருக்கமாக வரும் சின்னச் சின்ன நெளிவு. 'டம்' என்ற கனத்த ஓசை, நிதானமாக வரும் அகலமான வளைவு. ஓசை எவ்வளவு கனமாகவும் உரக்கவும் இருக்கிறதோ வளைவு அவ்வளவு அகலம் கேட்கும். அகல வளைவுக்கு இடம் வேண்டும். பக்கத்துச் சுற்றுப் பாதையோடு மோதக் கூடாதே.

மூன்றாமவர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 12 அங்குலத் தட்டில் பள்ளம் வெட்டக் கிடைக்கும் பட்டையின் அகலம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் 20 நிமிட இசையை அதில் வைத்தால் 667 சுற்று வரும்; ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.13 மில்லிமீட்டர் சொச்சம். அதே இடத்தில் 6 நிமிடம் மட்டும் வைத்தால் 200 சுற்று, ஒவ்வொன்றுக்கும் 0.43 மில்லிமீட்டர். மூன்று மடங்குக்கும் அதிகமான இடம். கிக் தாராளமாகக் கை வீசி நடக்கலாம். பெரிய தட்டில் கொஞ்சமே இசை வைப்பது வீண்செலவு போலத் தெரியலாம். அந்த வெற்றிடத்தைத்தான் நாம் உரத்த, கனத்த பேஸாக, அதாவது அடித்தள ஓசையாக, கேட்கிறோம்.

இதைக் கண்டுபிடித்தது டெக்னோ இல்லை. அதற்கு முந்தைய டிஸ்கோ. 1970-களில் நியூயார்க்கில் டாம் மோல்ட்டன் என்ற மிக்சிங் கலைஞர், சோதனைப் பிரதி வெட்ட 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோன ஒரு நாளில் பெரிய தட்டில் ஒரே ஒரு பாட்டை வெட்டச் செய்தார். பள்ளத்தை விரித்து வெட்டியபோது வந்த ஒலியைக் கேட்டு அசந்துபோனார். 1976-இல் சால்சோல் லேபிள், ஒரே பாட்டைத் தாங்கிய 12 அங்குலத் தட்டைப் பொதுமக்களுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. டெக்னோ பிறந்தபோது இந்த வடிவம் அதற்காகக் காத்திருந்தது போலவே இருந்தது.

வேகத்துக்கும் இதே தர்க்கம்தான். சில தட்டுகளில் 33 என்று இருக்கும், சிலவற்றில் 45. நிமிடத்துக்கு 45 முறை சுற்றினால் ஒவ்வொரு நொடிக்கும் கூடுதல் நீளப் பள்ளம் கிடைக்கும். கூர்மையான ஓசைகளின் நெளிவுகள் நெருக்கியடிக்காமல் எழுதப்படும். ஆனால் நேரம் குறையும்.

ராட்டினத்தில் வெளி ஓரத்துக் குதிரை வேகமாகப் போகும். நடுவுக்குப் பக்கத்தில் உள்ளது மெதுவாகப் போகும், இல்லையா? தட்டிலும் அப்படியே. 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசிக்கடியில் ஓடும். உள்ளே போகப் போக அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆகவே உள்பகுதியில் ஹை-ஹேட் கொஞ்சம் மங்கும், கரகரக்கும். நான்கு டிராக் உள்ள தட்டில் அதிரடியானதை ஏ1 அல்லது பி1 இடத்தில், அதாவது ஏ பக்கத்திலோ பி பக்கத்திலோ முதல் டிராக்காக வெளிப்பக்கமாக, வைப்பதும், அமைதியானதை உள்ளே தள்ளுவதும் இதனால்தான். டிராக் வரிசையைக் கலைஞரின் ரசனை மட்டும் தீர்மானிப்பதில்லை, வட்டத்தின் கணக்கும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இன்னும் ஒரு கட்டுப்பாடு. பள்ளத்துக்கு இரண்டு சுவர். ஒன்று இடது ஸ்பீக்கருக்கு, மற்றது வலதுக்கு. இரண்டிலும் ஒரே ஓசை இருந்தால் ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடும். இடதும் வலதும் எதிரெதிராக இருந்தால் ஊசி மேலும் கீழும் துள்ளும். கனத்த பேஸ் அப்படித் துள்ளினால் ஊசி பள்ளத்தை விட்டே எகிறிவிடும். ஆகவே வினைலுக்குப் போகும் டிராக்கில் பேஸையும் கிக்கையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நடுவில் வைப்பார்கள். இதற்கு மோனோ என்று பெயர்.

தலையணையை அமுக்கிப் பையில் திணிப்பது

ஒரு சந்தேகம் வரலாம். எவ்வளவு இடம் விட்டாலும் இவ்வளவு கனமான பேஸை அந்த மயிரிழைப் பள்ளத்தில் எப்படி வெட்ட முடிகிறது? உள்ளபடியே வெட்டுவதில்லை. பெரிய தலையணையைச் சின்னப் பையில் வைக்கும்போது அமுக்கித் திணிக்கிறோம். வெளியே எடுத்ததும் அது பழையபடி உப்பிவிடுகிறது. அதே உத்திதான். வெட்டும்போது பேஸை வேண்டுமென்றே குறைத்து வெட்டுகிறார்கள். கிக் தங்கும் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடும். கூர்மையான ஓசைகளை மாறாகக் கூட்டி வெட்டுகிறார்கள். தட்டை வாசிக்கும்போது ஃபோனோ என்ற முன்பெருக்கி அதை அப்படியே தலைகீழாகச் செய்யும்: பேஸைத் தூக்கும், கூர்மையைக் குறைக்கும். கூர்மையைக் குறைக்கும்போது தட்டின் மேற்பரப்பு எழுப்பும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் அதோடு அடங்கிப்போவது கூடுதல் லாபம். எல்லாத் தட்டும் எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி ஒலிக்க இந்த அளவுகளை 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் தரப்படுத்தியது.

சரி, வினைலின் ஒலி உயர்ந்ததா? அளவுகோல் வைத்துப் பார்த்தால் இல்லை. நிசப்தத்துக்கும் உச்ச ஒலிக்கும் இடையே உள்ள வீச்சில் சி.டி.யும் தரமான டிஜிட்டல் கோப்பும் தட்டை முந்திவிடும். இரைச்சல் இல்லை, தேய்மானம் இல்லை, உள்பக்க மங்கல் இல்லை. இன்றைய புரொடியூசர் கணினியில் செய்த டிராக்தான் தட்டிலும் ஏறுகிறது. வெட்டுவதால் அதில் இல்லாத ஒரு விவரம் புதிதாக வந்துவிடாது. 'கதகதப்பு' என்று பலர் சொல்வது, பேஸ் நடுவில் குவிவதும் கூர்மை சற்று அடங்குவதும் சேர்ந்து உண்டாகும் உணர்வு. அது பிடித்திருந்தால் தாராளமாக ரசிக்கலாம், எனக்கும் அது பிடிக்கும். தரம் என்று அதற்குப் பெயர் வைக்கும்போதுதான் பேச்சு தடம் மாறுகிறது. 180 கிராம் தட்டு என்றால் ஒலி மேல் என்பதும் அப்படியே. கனம் கூடினால் தட்டு உறுதியாக இருக்கும். பள்ளம் அதே பள்ளம்தான்.

சுருக்கமாக: தட்டு ஒலியை உயர்த்துவதில்லை, ஒழுங்குபடுத்துகிறது. பேஸ் நடுவில், நேரம் அளவாக, அதிரடி வெளிப்பக்கமாக. டெக்னோ இப்படி இறுக்கமாக ஒலிக்கப் பழகியதில் இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கணினியிலிருந்து தட்டு வரை

டிராக் முடிந்ததும் அது மாஸ்டரிங் பொறியாளரிடம் போகும். அவர் இன்னொரு ஜோடிக் காது. பேஸ் தட்டுக்கு ஏற்றபடி இருக்கிறதா, ஹை-ஹேட் குத்துகிறதா என்று பார்த்து இறுதியாகச் சீர் செய்வார்.

அடுத்து வெட்டு. அலுமினிய வட்டத்தின் மேல் நகப்பூச்சு போல மென்மையான பூச்சு கொண்ட தட்டுக்கு லாக்கர் என்று பெயர். சூடேற்றிய மாணிக்க ஊசியோ நீலக்கல் ஊசியோ அதில் பள்ளத்தை வெட்டும். டிராக் ஓடும் அதே வேகத்தில், உடனுக்குடன், ஒரே மூச்சில் வெட்ட வேண்டும். நடுவில் பிழை வந்தால் புதுத் தட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

லாக்கர் மேல் வெள்ளிப் படலம் தெளித்து, மின்முலாம் முறையில் நிக்கல் ஏற்றி உரித்தால் பள்ளம் மேடாக மாறிய அச்சு கிடைக்கும். அதிலிருந்து படிப்படியாக ஸ்டாம்பர் என்ற இறுதி அச்சு உருவாகும். ஏ பக்கத்துக்கு ஒன்று, பி பக்கத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சூடான பி.வி.சி. உருண்டையை வைத்து அழுத்தினால் அரை நிமிடத்தில் ஒரு தட்டு. முதலில் சில பிரதிகள் மட்டும் சோதனைக்காக அழுத்தி அனுப்புவார்கள். அதைக் கலைஞர் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே மற்றவை அழுத்தப்படும்.

இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பது 2020 பிப்ரவரியில் தெரிந்தது. கலிபோர்னியாவின் பானிங் ஊரில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை தீயில் அழிந்தது. லாக்கர் தட்டு செய்ய அப்போது உலகத்தில் இரண்டு பெரிய ஆலைகள்தான், மற்றது ஜப்பானில். எங்கோ ஒரு புதிய கலைஞரின் 300 பிரதிகூட அந்த ஒற்றை இழையைப் பிடித்துத்தான் வர வேண்டியிருந்தது.

வெட்டுபவரும் கலைஞரே என்பதற்கு டெட்ராய்ட்டின் ரான் மர்ஃபி சாட்சி. அந்த நகரத்தின் ஆரம்ப கால டெக்னோ தட்டுகள் பலவற்றை வெட்டியவர் அவர். தட்டின் உள்ளே, பள்ளம் முடிந்து லேபிள் காகிதம் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தில் தன் நிறுவனத்தின் என்.எஸ்.சி. என்ற எழுத்துகளைக் கையால் கீறி வைப்பார். அந்த வளையத்தில் ரகசியமாக ஒரு வரி எழுதி வைக்கும் வழக்கம் இன்றும் டெக்னோ தட்டுகளில் தொடர்கிறது.

முடிவில்லாத 1.8 நொடி

என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இது. பள்ளம் சுருண்டு உள்ளே போகாமல், ஒரு சுற்று சுற்றித் தன் வாலைத் தானே கவ்விக்கொண்டால்? ஊசி அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது வந்து தூக்கும்வரை இசை முடியாது. இதற்கு லாக்டு குரூவ் என்று பெயர். மூடிய பள்ளம் என்று தமிழில் சொல்லலாம்.

33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சரியாக 1.8 நொடி. அதில் நான்கு கிக் வைக்க வேண்டும் என்றால் வேகம் என்னவாக இருக்க வேண்டும்? 33⅓-ஐ நான்கால் பெருக்குங்கள்: 133⅓ பிபிஎம். டெக்னோவின் நடு வேகமே அதுதான்! ஒரு சுற்றும் ஓர் ஆவர்த்தனமும் ஒன்றாகிவிடுகின்றன. யாரும் திட்டமிடாத பொருத்தம் இது. 33⅓ என்ற வேகம் நீண்ட இசைத்தட்டுக்காக 1948-இல் நிலைபெற்றது. டெக்னோ அப்போது பிறக்கவே இல்லை. டெட்ராய்ட்டின் டெக்னோ கலைஞர் ஜெஃப் மில்ஸ் 1994-இல் ஆக்சிஸ் லேபிளில் வெளியிட்ட 'சைக்கிள் 30' தட்டில் மூடிய பள்ளங்களை வரிசையாக வெட்டி வைத்தார். ஒவ்வொன்றும் 1.8 நொடி. டிஜே ஒன்றை ஓடவிட்டு, அதன் மேல் இன்னொரு தட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கலக்கலாம். பாதிப் பாட்டு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதன் எல்லை இது.

300 பிரதி எதற்கு?

டிஜிட்டல் கோப்பை இரவோடு இரவாக உலகம் முழுக்க அனுப்பலாம். இன்று பெரும்பாலான டிஜேக்கள் வாசிப்பதும் கோப்பைத்தான். வினைல் வெளியிடும் கலைஞரும் அதே டிராக்குகளைக் கோப்பாகவும் விற்பது சாதாரணம். பிறகு தட்டு எதற்கு?

கோப்பை வெளியிட யாருடைய சம்மதமும் தேவையில்லை. தட்டுக்கு வெட்டுக்கூலி, அச்சு, அழுத்துதல், அனுப்புதல் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் போட ஒருவர் வேண்டும். லேபிள் நடத்துபவர் தன் கைக்காசைப் போட்டு ஒரு புதியவரின் நான்கு டிராக்கை வெளியிடுகிறார் என்றால், குவிந்து கிடக்கும் டிராக்குகளிலிருந்து இந்த நான்கைப் பொறுக்கி, இவை நிற்கும் என்று நம்பியிருக்கிறார் என்று பொருள். அந்தத் தேர்வுக்குத்தான் மதிப்பு. வளர்ந்துவரும் கலைஞருக்கு முதல் தட்டு பெரிய விஷயமாவது இதனால்தான். பழைய ஞாபகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இப்படி வளர்ந்துவரும் கலைஞர்களில் பலர் வினைல் கோலோச்சிய காலத்தில் பிறக்கவே இல்லை.

300, 500 என்ற சிறிய எண்களுக்கும் காரணம் உண்டு. வாங்குபவர்களில் பெரும்பாலோர் தட்டு வாசிக்கும் டிஜேக்களும் சேகரிப்பவர்களும்தான். பெர்லினில் 1989 முதல் இயங்கும் ஹார்ட் வாக்ஸ் போன்ற கடைகளில் ஒவ்வொரு தட்டையும் கேட்டுப் பார்த்துத்தான் அடுக்குகிறார்கள். அங்கே வைக்கப்படுவதே ஒரு சான்றிதழ் மாதிரி. அளவாகப் போட்டால் விற்றுத் தீரும், அடுத்த தட்டுக்கு முதல் திரும்பும். அரிதாக்கி விலையேற்றும் தந்திரம் என்று எல்லா லேபிளையும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

ரீமிக்ஸ் ஒன்று சேர்ந்து வருவதும் இந்தக் கணக்கில்தான். ரீமிக்ஸ் என்றால் அதே டிராக்கின் ஓசைத் துண்டுகளை வைத்து வேறொருவர் மீண்டும் அமைப்பது. ஏற்கெனவே பெயர் பெற்ற ஒருவர் அதைச் செய்யும்போது, அவருக்காகத் தட்டை எடுப்பவர் மறுபக்கத்தில் புதியவரைக் கேட்பார்.

புதுத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தால்

அடுத்த முறை இப்படி ஒரு தட்டு கைக்கு வந்தால், ஓடவிடும் முன் விளக்கொளியில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். பள்ளம் எங்கும் ஒரே நிறமாக இருக்காது. நெளிவு நிறைந்த, உரத்த இடங்கள் சாம்பல் பூத்தது போலத் தெரியும். ஓசை குறைந்த இடங்கள் வழவழப்பாகக் கறுத்திருக்கும். டிராக்கின் நடுவே ஒரு கறுத்த வளையம் தெரிந்தால், கிக் நின்றுபோய் மற்ற ஓசைகள் மட்டும் மிதக்கும் இடம் அது. அது முடிந்து சட்டென்று வெளுக்கும் கோட்டில் கிக் திரும்பி வந்து விழும். இருட்டில் சின்ன விளக்கொன்றின் கீழே குனிந்து டிஜே தேடுவது அந்தக் கோட்டைத்தான். அதற்கு ஒரு மயிரிழை முன்னால் ஊசியை இறக்கி, விரலால் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் அடுத்த ஆவர்த்தனத்துக்காகக் காத்திருப்பார்.